ஒய்2கே பங்கு வாங்கியவன் என்ற முறையில் ஒரு பதில்

ஒய்2கே கோளாறை, அதாவது ஆண்டை இரண்டே இலக்கங்களில் வைத்திருந்த பழைய நிரல்கள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் சிக்கலை, சரிசெய்த நிறுவனங்களில் பணம் போட்டவர்களுக்கு லாபம் கிடைத்ததா, 2038இல் கணினிகளுக்கு வரும் என்று சொல்லப்படும் பிரச்சினையை நம்பி அதேபோல் இப்போதே பங்குகள் வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாட்களில் நீங்கள் பள்ளிச் சிறுவராக இருந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவன். அதே வேலையைச் செய்த வேறொரு நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பணத்தைத் தொலைத்தவனும்கூட.

1998இல் சென்னையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதுபவனாக இருந்தேன். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழைய நிரல்களைத் திறந்து, ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதியிருந்த இடங்களைத் தேடிப் பிடிப்பதும், எல்லாவற்றையும் நான்கு இலக்கங்களாக விரிக்க நேரம் போதாது என்பதால், 00 முதல் 49 வரை வந்தால் 2000க்குப் பிந்தைய ஆண்டு, 50 முதல் 99 வரை வந்தால் 1900களின் ஆண்டு என்று கொள்ளும்படி சில வரிகளைச் செருகுவதுமே எங்கள் வேலை. உலகம் முழுவதும் இதற்கு 30 ஆயிரம் கோடி டாலர் முதல் 60 ஆயிரம் கோடி டாலர் வரை செலவாகும் என்ற கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு எங்கள் கேன்டீனில் தினமும் அடிபட்ட பேச்சு.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்த டிசிஎஸ் அப்போது சந்தையிலேயே இல்லை, 2004இல்தான் பட்டியலிடப்பட்டது. இன்ஃபோசிஸ் பங்கின் விலை என் வசதிக்கு எட்டவில்லை. ஆகவே மனை வாங்க முன்பணமாக வைத்திருந்த தொகையில், எங்களுக்குப் போட்டியாக இருந்த ஒரு சிறிய நிறுவனத்தின் பங்குகளை 140 ரூபாய் வீதம் 300 வாங்கினேன்.

1999 நடுப்பகுதியிலேயே வேலை வற்றத் தொடங்கிவிட்டது. இனி எந்த நிரலிலும் கை வைக்க வேண்டாம், சோதித்து முடித்ததை அப்படியே விட்டுவிடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் எங்கள் தளத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பெஞ்சில், அதாவது கையில் வேலையில்லாமல், இருந்தவர்களுக்கு ஜாவா என்ற வேறொரு கணினி மொழியில் வகுப்பு நடந்தது. இத்தனையையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நான் பங்கை விற்கவில்லை, ஏனென்றால் விலை ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் இதே வேலையை நம்பியிருந்த கீன், வயாசாஃப்ட், டேட்டா டைமென்ஷன்ஸ் ஆகியவற்றின் பங்குகள் 2000 பிறப்பதற்கு முன்பே வெகுவாகச் சரிந்திருந்தன. இங்கோ, பல நிறுவனங்கள் இணையம், மின்வணிகம் என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டன. 2000 பிப்ரவரியில் சென்செக்ஸ் முதன்முறையாக 6000ஐத் தொட்ட நாட்களில் என் பங்கு 1,100 ரூபாயில் நின்றது.

அப்போதாவது விற்க வேண்டியதுதானே என்பீர்கள். என் பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்தன. விற்பதற்காக அவற்றை டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாற்ற அனுப்பியபோது, கையொப்பம் பொருந்தவில்லை என்று அந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளர் அலுவலகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. என் கையொப்பம் எனக்கே உரியதுதான் என்று ஒரு வங்கி மேலாளரிடம் சான்று வாங்குவதற்குள் ஏழு வாரங்கள் போயின. இதைப் பற்றி இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பங்குகள் கணக்கில் ஏறியபோது விலை 600. அதற்காவது விற்றிருக்கலாம், 1,100ஐப் பார்த்த மனம் ஒப்பவில்லை. 2001 மார்ச்சில் அது 19 ரூபாய், பிறகு பரிமாற்றமே நிறுத்தப்பட்டது. பேராசை என்று சிலர் எழுதுவீர்கள். மறுக்கவில்லை, ஆனால் அந்த ஏழு வாரங்களையும் கணக்கில் சேருங்கள்.

இன்னும் சிலர், ஒய்2கே வெறும் பூச்சாண்டி, ஒன்றுமே நடக்கவில்லையே என்பார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படியும், அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தகவல்களைக் கையாளும் கணினிகள் புத்தாண்டு நாளில் முடங்கின.

2038 விஷயம் வேறு மாதிரியானது. 1970 முதல் நொடிகளை எண்ணி 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்) வைக்கும் கணக்கு அந்த ஆண்டு ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும், அதன்பின் தேதி தவறாகிவிடும். ஆனால் 64 பிட்டுக்கு மாறிய கணினிகள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிட்டன. 32 பிட் கருவிகளுக்கான திருத்தமும் 2020இல் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 5.6இல் இலவசமாகவே கிடைக்கிறது. மிச்சமிருப்பது பழைய கருவிகளுக்குள் புதைந்திருக்கும் சில்லுகள். அவற்றை மாற்றும் வேலை வழக்கமான பராமரிப்புச் செலவோடு கலந்துவிடும் என்பது என் கணிப்பு. யாராவது உங்களிடம் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருந்தால், அதன் வருமானத்தில் எத்தனை சதவீதம் இந்த வேலையிலிருந்து வருகிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். ஒய்2கே காலத்தில் இன்ஃபோசிஸ் அந்த எண்ணைத் தனியாகவே வெளியிட்டது. நான் வாங்கிய நிறுவனம் வெளியிடவில்லை, நானும் கேட்கவில்லை.