வறுமைக் கோடு இருக்கும்போது பல்பரிமாண வறுமைக் குறியீடு எதற்கு?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பாடத்தில் இரண்டுமே வருவதால் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. வறுமைக் கோடு செலவை மட்டும் பார்க்கிறது: அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறையில் 2011-12க்கு இந்திய அளவில் தலைக்கு மாதம் கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000, பின்னர் வந்த ரங்கராஜன் குழு அதை 972, 1,407 என்றது. சரி, அந்தப் பணம் எதற்குப் போனது? கடன் வாங்கி வைத்தியம் பார்த்தாலும் கணக்கில் கோட்டுக்கு மேலே ஏறிவிடலாம்.

மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் பல்பரிமாணக் குறியீடோ உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்று 12 அம்சங்களைப் பார்க்கும், ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு எடை உண்டு, ஒரு வீட்டில் குறையாக இருப்பவற்றின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அது ஏழைக் குடும்பம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவர்கள் சுமார் 2.2 சதவீதம்தான்.

ஆனால் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட், கேஸ், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவார்கள், அதனால் அந்த வீடு குறியீட்டில் ஏழையாக வராமலே போகலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி, சரியில்லை என்று கழித்துவிடும் பீடி, குழுக்கடன் தவணை, ஓயாத முதுகுவலி, இதெல்லாம் அந்த 12இல் எங்கே இருக்கிறது? எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. களப்பணிக்குப் போனால் படிவத்தை நிரப்பிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கடன் யாரிடம், வட்டி என்ன, வேலை இல்லாத வாரத்தில் எதை அடகு வைத்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.