சுற்றுப்பயணமாக வரும் கிரிக்கெட் அகாடமி சிறுவர் அணியை எங்கள் கிளப் எப்படி வரவேற்று ஆட வைப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. சிறிய கிளப், சொந்த மைதானம் உண்டு, ஓர் அகாடமியின் 13 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டு நாள் தங்கி இரண்டு ஆட்டம் ஆடப்போகிறார்கள், இதற்கு முன் யாரையும் வரவழைத்துப் பழக்கமில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கிளப்பில் வெளி அணிகளை அழைத்து ஆட்டம் ஏற்பாடு செய்யும் பொறுப்பைப் பல சீசன்களாகப் பார்த்துவருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மைதானம், பந்து, சாப்பாடு, தங்குமிடம் என்று ஆளாளுக்கு வேலை பிரிப்பதற்கு முன், வருகிற அணியின் பெயர்ப் பட்டியலை வாங்குங்கள். அதில் கடைசியாக இருக்கும் பெயரைப் பாருங்கள். பயணம் வரும் அணி பெரும்பாலும் 11 பேரோடு வராது. 13, 14 பேர் வருவார்கள். முதல் ஐந்தாறு பேருக்கு எங்கே போனாலும் ஆட்டம் கிடைத்துவிடும். கடைசிப் பிள்ளைகள்தான் அவ்வளவு தூரம் வந்து, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவர்களுடைய பயிற்சியாளரின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். என்ன முறையில் ஆடுவது என்று முடிவு செய்வதில் வரவழைக்கிற கிளப்புக்கும் பாதிப் பங்கு உண்டு. என்னைக் கேட்டால், இந்த இரண்டு நாளில் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இதற்குக் கிரிக்கெட் விதியே வழி விட்டிருக்கிறது. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) விதிகளில் முதல் விதியைப் படித்துப் பாருங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 11 பேருக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ வைத்து ஆடலாம். ஒரே நேரத்தில் 11 பேருக்கு மேல் பீல்டிங்குக்கு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே 13 பேர் வந்தால் 13 பேருமே பேட் செய்யலாம், யார் வேண்டுமானாலும் பந்து வீசலாம், பீல்டிங்கில் மட்டும் மாறி மாறி இறங்கலாம். உங்கள் பக்கமும் அதே எண்ணிக்கையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளப்பிலும் ஓரமாக நிற்கிற பிள்ளைகள் இருப்பார்கள்தானே, அவர்களுக்கும் இது ஒரு வாய்ப்பு.

அடுத்து, ரன் வரம்பு. 30 ரன் எடுத்தவர் வெளியே வந்துவிட வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் ஆடி முடித்த பிறகு ஓவர் மீதி இருந்தால் திரும்ப இறங்கலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காயம், உடல்நலக் குறைவு மாதிரி காரணம் இல்லாமல் வெளியேறிய பேட்ஸ்மேன் மறுபடி ஆட வேண்டுமென்றால் எதிரணி கேப்டனின் சம்மதம் வேண்டும் என்பது விதி. 14 வயதுக் கேப்டனை ஆட்டத்தின் கடைசி ஓவரில் நிறுத்தி வைத்து "சம்மதமா?" என்று கேட்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பெரியவர்கள் முந்தின நாளே பேசி முடித்திருக்க வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை ஓவர், குறைந்தது எத்தனை பேர் பந்து வீச வேண்டும், வைடை எவ்வளவு கறாராகக் கொடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். ஒரே ஒரு தாள் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அம்பயர்கள் கையிலும் இன்னொன்றை ஸ்கோரர் மேசையிலும் வையுங்கள்.

அணியோடு வரும் பொறுப்பாளரிடம் போனில் பேசும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள். "உங்கள் வேகப்பந்து வீச்சாளர்கள் யார் யார், இங்கே வருவதற்கு முன் இந்தப் பயணத்தில் எத்தனை ஓவர் போட்டிருப்பார்கள்?" பயணம் வரும் அணி உங்களோடு மட்டும் ஆடப்போவதில்லை. முந்தின நாள் ஒரு கிளப், அதற்கு முந்தின நாள் இன்னொன்று என்று தொடர்ந்து ஆடிக்கொண்டே வரும். ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டத்தை மட்டும் பார்த்தால், ஒரு 14 வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் போட்டதை யாருமே கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வளர்கிற வயதில் கீழ் முதுகெலும்பு முழு வலிமை பெற்றிருக்காது. வேகமாக வீசும்போது முதுகு ஒரே சமயத்தில் வளைந்து திரும்புகிறது, முன்காலை ஊன்றும் அதிர்ச்சியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஓய்வில்லாமல் இது தொடர்ந்தால் எலும்பில் மெல்லிய விரிசல் விழும். வந்துவிட்டால் மாதக்கணக்கில் பந்தையே தொட முடியாது.

நாங்கள் கையில் வைத்திருப்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்காக வகுத்திருந்த அட்டவணை. 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சாக வீசும்போது, 5 ஓவர், ஒரு நாளில் 10. 14, 15 வயதுப் பிரிவுகளுக்கு ஒரு ஸ்பெல்லில் 6, ஒரு நாளில் 12. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக் கூடாது, தொடர்ச்சியாக இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. உங்கள் பகுதிச் சங்கத்துக்கென்று தனி வரம்பு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொறுப்பாளர் எண்ணிக்கை சொல்லத் தயங்கினாலும் மெதுவாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கறையோடு கேட்கிற கிளப் என்ற நம்பிக்கைதான் வரும்.

பாதுகாப்பில் பேரமே கூடாது. கிரிக்கெட் பந்தை எதிர்கொள்ளும் எல்லோருக்கும் ஹெல்மெட். ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கும் விக்கெட் கீப்பருக்கும் ஹெல்மெட். பீல்டர் எவ்வளவு அருகில் நிற்கலாம் என்பதற்கும் அதே வாரியத்தின் அளவு உண்டு. 15 வயதுக்குட்பட்டோர் நடு ஸ்டம்பிலிருந்து 8 கஜத்துக்குள், 13 வயதுக்குட்பட்டோர் 11 கஜத்துக்குள் நிற்கக் கூடாது. ஆஃப் பக்கம் விக்கெட்டுக்குப் பின்னால் மட்டும் விதிவிலக்கு. அம்பயரிடம் இதை ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் ஓரடி ஓரடியாக முன்னால் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

தலையில் பந்து பட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி இறங்கவே கூடாது. "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று அழாத குறையாகக் கேட்டாலும் கூடாது. அதன் பிறகு ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னலுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் வெளியே. ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக வரும், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் காலையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா பம்ப், பெற்றோர் எண் எல்லாம் எழுதிய படிவங்களை அவர்களுடைய பொறுப்பாளர் வைத்திருப்பார். உங்கள் முதலுதவிப் பொறுப்பாளர் டாஸுக்கு முன் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பார்த்துவிடட்டும்.

உடை மாற்றும் அறை பிள்ளைகளுக்குத் தனியாக இருக்க வேண்டும். அவர்கள் உள்ளே இருக்கும்போது கிளப்பின் பெரியவர்கள் போகக் கூடாது. பெண் பிள்ளைகளும் அணியில் இருந்தால் அவர்களுக்கென்று தனி இடம் வேண்டும். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருக்க வைப்பது தீர்வு இல்லை. பெற்றோர் அனுமதி இல்லாமல் வெளி அணிப் பிள்ளைகளின் படங்களைக் கிளப்பின் இணையப் பக்கத்தில் போட வேண்டாம். தங்குவதற்கு உறுப்பினர் வீடுகளில் பிரித்து வைக்கலாமா என்று பல கிளப்களில் கேட்பார்கள். என் அபிப்பிராயம், இந்த வயதுக்கு எல்லோரும் ஒரே இடத்தில், அவர்களோடு வந்த பெரியவர்களின் கண்பார்வையிலேயே தங்குவது நல்லது. வீட்டை விட்டு முதன்முறையாக வந்த பிள்ளைக்கு ராத்திரி மனசு கஷ்டமாக இருந்தால், பேசுவதற்குத் தெரிந்த முகம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பந்தையும் முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். 13 வயதுக்குட்பட்டோர் பந்து 133 முதல் 144 கிராம். பெரிய ஆண்கள் ஆடும் பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். 13ம் 15ம் கலந்த அணியென்றால் இரு பயிற்சியாளர்களும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். பிட்சைப் பொறுத்தவரை, பவுன்ஸ் சீராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே உங்கள் கிரவுண்ட்ஸ்மேனிடம் நான் கேட்பது. தண்ணீர் விட்டு, காயக் காய ரோல் செய்யும் வேலையை ஒரு வாரத்துக்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் நாளுக்கு முடிந்தால் வேறு பிட்ச். முதல் நாள் கால் பதித்த குழிகள் உள்ள இடத்தில் சின்னப் பிள்ளைகளை இறக்க எனக்கு மனசு வராது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அகாடமிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட தினமும் நெட் பயிற்சியில் நிற்பவர்கள். உங்கள் பிள்ளைகள் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வருபவர்களாக இருப்பார்கள். முதல் நாள் கிளப் அணிக்கும் அகாடமி அணிக்கும் ஆட்டம் வையுங்கள், அது வேண்டும். ஒரு நல்ல அணிக்கு எதிராக நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் நாள் இரண்டு அணியையும் கலந்துவிடுங்கள். இரண்டு பயிற்சியாளர்களும் உட்கார்ந்து பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆட்டமும் சமமாக இருக்கும், பிள்ளைகளும் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் மைதானத்தில் அப்படிக் கலந்து ஆடிய ஓர் ஆட்டம் கண் முன்னாலேயே இருக்கிறது. வந்த அணியில் ஒரு லெக் ஸ்பின்னர், பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தவன். எங்கள் விக்கெட் கீப்பர் லெக் ஸ்பின்னுக்கு அதுவரை நின்றதே இல்லை. முதல் ஓவரில் பேட்டிலும் படாமல் கீப்பர் கையிலும் சிக்காமல் பந்து போய் நான்கு ரன் 'பை'யாகப் போனது. ஓவர் முடிந்ததும் அந்தப் பையன் தானாகவே கீப்பரிடம் நடந்து வந்து, பந்தை விரல்களுக்கு நடுவே வைத்து, லெக் ஸ்பின் போலவே தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளிக்கு மணிக்கட்டு எப்படித் திரும்பும் என்று மெதுவாக இரண்டு தடவை காட்டினான். கூக்ளி போடும் முன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அவனுடைய மூன்றாவது ஓவரில் சட்டைக் கையை இழுத்தான். பேட்ஸ்மேன் இறங்கி வந்து தவறவிட்டார், கீப்பர் பெயிலைத் தட்டிவிட்டாள். ஆமாம், எங்கள் கீப்பர் ஒரு பெண் பிள்ளை. இரண்டு பேரும் ஓடி வந்து கையைத் தட்டிக்கொண்டதைப் பார்த்து, எல்லைக்கோட்டில் இருந்த இரண்டு கிளப்பின் பெரியவர்களும் எழுந்து நின்றோம். முந்தின நாள் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை எங்கள் பிள்ளைகள் மறந்தேவிட்டார்கள். இந்த ஸ்டம்பிங்கை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அம்பயர்களாக ஆடும் பிள்ளைகளின் பெற்றோரைப் போடாதீர்கள். ஸ்கோரருக்கு ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர் வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஓவருக்கு ஓவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கு ஓவர் குறைப்பதற்கான கணக்கு எளிதாக இருக்கட்டும். ஓவருக்கு இத்தனை ரன் என்ற சராசரியே போதும். ஆட்டமே நடக்காது என்றால் கூரைக்கடியில் மென்பந்தில் கேட்ச், கீப்பிங் பயிற்சி என்று வையுங்கள், சும்மா உட்கார வைக்காதீர்கள். பரிசளிப்பில் பெரியவர்கள் பேச்சைக் குறைத்து இரண்டு கேப்டன்களையும் பேச விடுங்கள்.

எல்லாம் முடிந்து பஸ் கிளம்பிய அன்று இரவே, இரண்டு நாள் ஸ்கோர்புக் பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து அவர்களுடைய பொறுப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். வேகப்பந்து வீச்சாளர்கள் உங்களிடம் போட்ட ஓவர் கணக்கு அதில் இருக்கும். அடுத்து அவர்களை வரவேற்கும் கிளப்புக்கு அது தேவைப்படும்.