பலாலி மலிவு ரிக்கெற்: பொறுத்தால் இன்னும் இறங்குமா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு மலிவு விலை ஒன்றைப் பார்த்துவிட்டு, இன்னும் இறங்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொறுக்க வேண்டாம். தைப்பொங்கலுக்குச் சென்னையிலிருந்து பலாலிக்கு நாலு பேர் வருவதென்றால், முழுத்தொகை கைக்கு அடக்கமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

மலிவு விமானங்கள் இந்த விலையைத் தாக்குப்பிடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவின் மலிவு விமான நிறுவனமான ரயன்எயார் தாக்குப்பிடிக்கிறது. ஒரு விமானத்தில் ஏறக்குறைய 190 இருக்கை, இறங்கி அரைமணிக்குள் திரும்பவும் ஏறும் வேகம், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்களவு பொதி, இருக்கைத் தெரிவு போன்ற மேலதிகக் கட்டணங்களிலிருந்து. அமெரிக்காவின் மலிவு விமான நிறுவனமான ஸ்பிரிட்டும் அதே வழியில்தான் போனது. ஆனால் 2024 நவம்பரிலும் 2025 ஓகஸ்டிலும் கடன்காரரிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டது. பெரிய நிறுவனங்களும் மலிவு இருக்கை விற்கத் தொடங்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானம். எண்பதுக்கும் குறைந்த இருக்கை. விமானியின் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் அந்தச் சிலரின் தலையில்தான் விழும். அதனால் அடிமட்ட விலை இங்கே நிலைப்பது கஷ்டம். நீங்கள் பார்த்த விலை சில இருக்கைகளுக்கு மட்டுமாக இருக்கலாம்.

சரி, ஒன்று செய்து பாருங்கள். முதலில் ஒருவருக்கு, பிறகு நாலு பேருக்கு, கொண்டுவரும் பொதியையும் சேர்த்துப் பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். நாலு பேருக்குப் பார்க்கும்போது ஆளுக்கான தொகை கூடினால், மலிவு இருக்கை நாலு பேருக்கும் போதாது என்று அர்த்தமாக இருக்கலாம். கொழும்பு விமானத்தோடு ஒப்பிடும்போது யாழ்ப்பாணம் வரையான பஸ் செலவையும் கூட்டுங்கள்.

இன்னொரு விமான நிறுவனம் இந்தத் தடத்துக்கு வந்தால் விலை இறங்கவும் கூடும். ஆனால் பொங்கலுக்குச் சனம் கூடும் நேரத்தில் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ரத்துச் செய்தால் என்ன திரும்பும் என்பதையும் வாசித்துவிட்டே கட்டுங்கள்.