சரணாலயச் சட்டம்: கிராமமும் காடும் கேட்கும் கேள்விகள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பற்றிய கேள்விகளும் பதில்களும். 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், பதில்கள் அதையும் சேர்த்தே.

கேள்வி (கரூர்): ஐயா, கடவூர் தேவாங்குச் சரணாலயத்தை ஆட்சியர் விசாரணை இல்லாமல் நேரடியாக அறிவித்தார்களே, அதற்குச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: உண்டு. அறிவிப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. காப்புக்காடு அல்லாத நிலத்துக்கு முதலில் 18-ஆம் பிரிவின் கீழ் ‘சரணாலயம் ஆக்க உத்தேசம்’ என்று அறிவித்து, உரிமைகளை விசாரித்து முடித்த பிறகே 26ஏ பிரிவின் கீழ் இறுதி அறிவிக்கை வரும். காப்புக்காட்டுக்கு நேராக 26ஏ(1)(பி). கடவூரும் (2022, சுமார் 11,806 ஹெக்டேர்) அதே ஆண்டு வந்த காவிரி தெற்கு சரணாலயமும் (சுமார் 686 ச.கி.மீ.) இந்த இரண்டாவது வழியில் வந்தவை. காப்புக்காடு ஆக்கியபோதே உரிமைகள் விசாரிக்கப்பட்டுவிட்டன என்பது சட்டத்தின் கணக்கு. ஆனால் பல காடுகளில் அந்த விசாரணை வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. அன்று பதிவில் ஏறாத வண்டிப்பாதையும் ஊற்றும் இன்று பிரச்சினையாகின்றன. எனவே உங்கள் காட்டுக்கு 1882 தமிழ்நாடு வனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அறிவிக்கை (காப்புக்காடு என்ற இறுதி அறிவிப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 4-ஆம் பிரிவின் உத்தேச அறிவிக்கை மட்டும்தான் இருக்கிறது என்றால் அது இன்னும் முழுமையான காப்புக்காடு ஆகவில்லை. அப்போது இந்தக் குறுக்கு வழி பொருந்தாது என்று வாதிடலாம்.

கேள்வி (தருமபுரி): 18-ஆம் பிரிவு வழியில் வந்தால் ஊர்க்காரர்கள் எப்போது, என்ன செய்ய வேண்டும்?

பதில்: நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கை வந்து 30 நாட்களுக்குள் உரிமைகளை விசாரிக்க, இந்தச் சட்டத்தின் கீழ் ஆட்சியராகச் செயல்படும் ஓர் அதிகாரியை அரசு நியமிக்க வேண்டும். அடுத்து 21-ஆம் பிரிவின் கீழ், ஒவ்வொரு ஊரிலும் தமிழில் எல்லையை விவரித்து ஒரு பிரகடனம் வரும். அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் உரிமைகோரலை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். பட்டாதாரர்கள் மட்டும் மனு கொடுப்பார்கள். கோயிலுக்குப் போகும் வழி, மாடு தண்ணீர் குடிக்கும் ஓடை, தேன் எடுக்கும் பாறை, சுடுகாடு ஆகியவை யாருடைய மனுவிலும் இருக்காது. இவற்றை ஊர்ப் பெயரில் தனித்தனி மனுவாகக் கொடுங்கள். புல எண், ஓடையின் பெயர், எந்த மாதங்களில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதையெல்லாம் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

மனுவை ஏற்றால் 24-ஆம் பிரிவின்படி ஆட்சியர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: அந்த நிலத்தை எல்லைக்கு வெளியே விடலாம், விலை கொடுத்துக் கையகப்படுத்தலாம், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து உரிமையைத் தொடர விடலாம். மூன்றாவதைக் கேட்கிறோம் என்று மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். இந்த வேலை முழுவதையும் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 25ஏ. ஆனால் முடியாவிட்டாலும் அறிவிக்கை காலாவதி ஆகாது. காலம் கடந்துவிட்டது என்று சும்மா இருப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: உத்தேச எல்லைக்குள் என் அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. விற்கலாமா?

பதில்: 18-ஆம் பிரிவு அறிவிக்கை வந்த பிறகு அங்கே வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ மட்டுமே புதிதாக உரிமை பெற முடியும் (20-ஆம் பிரிவு). வாங்குகிறவருக்கு உரிமை போய்ச் சேராது.

கேள்வி (அந்தியூர்): சரணாலயம் என்றாலே மேய்ச்சல் கிடையாது என்கிறார்கள். பட்டி போட்டு மாடு வளர்க்கும் எங்கள் மலைக்கு என்ன வழி?

பதில்: தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் குழப்பிக்கொள்வதால் வரும் பேச்சு இது. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு 35(7) தடை போடுகிறது. சரணாலயத்தில் 33(டி)-இன்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அதை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கவும் செய்யலாம். அதாவது அனுமதிக்கவும் இடம் இருக்கிறது. அவர் அனுமதித்த மேய்ச்சல் 29-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகாது. உள்ளூர் மக்கள் குடிநீருக்கும் வீட்டுக்கும் தண்ணீர் எடுப்பதும் அப்படியே. அதோடு 2006 வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்குள்ளும் செல்லும். மேய்ச்சலும் சிறு வனப்பொருளும் சமூக உரிமை. அதற்குப் படிவம் ‘பி’, காட்டையே ஊர் காத்து மேலாண்மை செய்யும் உரிமைக்குப் படிவம் ‘சி’. கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வருகைக் கையெழுத்து குறைந்தால் மேலே போகும் மனு அதைக் காட்டியே திரும்பிவிடும். மனுக்களை விசாரித்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 4(5). இந்தப் பிரிவு எண்ணை ஊரில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

நோய் பற்றியும் சொல்ல வேண்டும். சரணாலயத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது கட்டாயம் (33ஏ). கோமாரி ஊசி போட்ட பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேய்ச்சல் அனுமதி கேட்டால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

கேள்வி: உள்ளே தனியார் விடுதி கட்ட அனுமதி உண்டா?

பதில்: தேசிய வன உயிரின வாரியத்தின் முன்அனுமதி இல்லாமல் முடியாது. எல்லையை மாற்றவும் அந்த வாரியத்தின் பரிந்துரை வேண்டும்.

கேள்வி (வனத்துறையில் புதிதாகச் சேர்ந்தவர்): மேலாண்மைத் திட்டம் எழுதும்போது எங்கே கவனம் வேண்டும்?

பதில்: 33-ஆம் பிரிவின்படி இப்போது திட்டம் கட்டாயம். வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் கிராம சபையைக் கலந்துதான் எழுத வேண்டும். அந்தக் கூட்டத் தீர்மானத்தின் நகலைத் திட்டத்தோடு இணையுங்கள். அரசாணையின் எல்லை விவரம், வரைபடம், பரப்பளவு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். இவை ஒத்துப்போகாவிட்டால் வழக்கில் எதிர்த்தரப்புக்கு முதல் பிடி கிடைத்துவிடும்.

களத்தில் பெரிய செலவு, காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடி (லண்டானா) என்ற அயல்களைதான். அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால் வேர்க்கழுத்திலிருந்து மும்மடங்காகத் தழைக்கும். மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கி ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுக் காய விடுங்கள். பழம் பிடிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் விதை விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அடுத்த சில மழைக்காலங்களுக்கும் அங்கே நாற்றுகளைப் பிடுங்கக் கூலி ஒதுக்குங்கள். வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவாமல் விட்டால் வேறொரு களை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: தோட்டத்துக்கு உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கிறேன். சரணாலயம் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. என்னைக் கட்டுப்படுத்துமா?

பதில்: பத்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் கட்டுப்படுத்தும். சரணாலயம் அறிவித்த மூன்று மாதங்களுக்குள் 34-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பதிவு செய்ய வனத்துறையிடம் விண்ணப்பியுங்கள்.