பக்கத்து வீட்டுப் பொண்ணு காலேஜ் போவாளா?

கேள்வி: நாங்க டெக்சாஸ்ல சான் அன்டோனியோல இருக்கோம். பக்கத்து வீட்டுல மெக்சிகோ குடும்பம். அப்பா ரூஃபிங் வேலை, அம்மா வீடு வீடா க்ளீனிங். பொண்ணு இங்கயே பொறந்தவ, ஹைஸ்கூல் கடைசி வருஷம், சூப்பரா படிக்கிறா. அப்பா அம்மாவுக்கு பேப்பர்ஸ் கிடையாது, அதனால ஃபாரம்னாலே பயம், காலேஜெல்லாம் நமக்கு எட்டாதுன்னு வேலைக்கு அனுப்பப் பாக்கறாங்க. ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசற நாடுகள்லேர்ந்து வந்த வம்சாவளி) பசங்களுக்கு நம்ம ஊர் மாதிரி ரிசர்வேஷன், தனி காலேஜ் ஏதாவது இருக்கா?
- ஒரு வாசகி

பதில்: ரிசர்வேஷன் கிடையாதுங்க. இத்தனை சீட்டுன்னு ஒதுக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1978லயே சொல்லிடுச்சு, 2023ல அட்மிஷன்ல இனத்தைப் பாக்கறதுக்கே கிட்டத்தட்ட தடை போட்டுட்டாங்க. தனி காலேஜும் இல்ல. மாணவர்கள்ல 25 சதவீதமாவது ஹிஸ்பானிக்கா இருந்தா அந்த காலேஜுக்கு அரசாங்கம் 'ஹிஸ்பானிக் மாணவர்களுக்கான காலேஜ்'னு ஒரு பேர் குடுக்குது, அவ்ளோதான், யாரு வேணா சேரலாம் (உங்க ஊர் செயின்ட் பிலிப்ஸ் காலேஜ் கறுப்பினத்தவருக்காக ஆரம்பிச்சது, இப்போ கறுப்பினத்தவர் காலேஜ், ஹிஸ்பானிக் காலேஜ்ங்கற ரெண்டு அடையாளமும் அதுக்கு இருக்கு). அந்தப் பேருக்காக காலேஜுகளுக்கு வந்த மானியத்துல பெரும்பகுதியை 2025 செப்டம்பர்ல நிறுத்தறதா அறிவிச்சாங்க, ஆனா அது பொண்ணு கைக்கு வர்ற பணம் இல்ல.

அவ கைக்கு வர்ற பெரிய பணம் ஹிஸ்பானிக்ங்கற பேர்ல வராது, வீட்டு வருமானத்தை வச்சுதான் வரும். அதுக்கு வழி ஃபாஃப்சாங்கற மத்திய அரசு நிதியுதவி ஃபாரம். இங்க பொறந்தவங்கறதால அவளுக்கு முழு உரிமை இருக்கு. 2025-26க்கு மத்திய அரசு குடுக்கற பெல் கிராண்ட்ங்கற உதவித்தொகை அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். ஃபாரம்ல அப்பா அம்மா எந்த விசால இருக்காங்கன்னு கேக்கறதில்ல, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அரசாங்கம் குடுக்கற அடையாள எண்) இல்லாத பெத்தவங்களும் ஃபாரம் போடறதுக்கான ஆன்லைன் கணக்கு திறக்கலாம், ஸ்பானிஷ்லயும் இருக்கு. ஆனா நம்பர் இல்லங்கறதே ஒரு தகவல்தானே, இப்போ இருக்கற நிலைமைல அவங்க பயப்படறதுல தப்பே இல்ல. "ஒண்ணும் ஆகாது போடுங்க"ன்னு நீங்க தள்ளிவிடாதீங்க. இலவசமா ஆலோசனை சொல்ற இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர்கிட்ட முதல்ல பேசட்டும், முடிவு அவங்களோடது. இன்னொண்ணு, டெக்சாஸ்ல ஸ்கூல் முடிக்க இந்த ஃபாரம் போடணும், வேண்டாம்னா எழுதிக் குடுக்கணும். பயத்துல, என்னன்னு தெரியாமலே அந்த 'வேண்டாம்'ங்கற பேப்பர்ல கையெழுத்து போட்டுடப் போறாங்க, அதை மட்டும் சொல்லி வைங்க.

பேப்பர்ஸ் இல்லாத மாணவர்களுக்கு 2001லேர்ந்து டெக்சாஸ்ல இருந்த உள்ளூர்க்காரங்களுக்கான குறைஞ்ச காலேஜ் ஃபீஸ் சலுகை 2025 ஜூன்ல போச்சு. அக்கம்பக்கத்துல அதைக் கேட்டுட்டு இவளுக்கும் கிடையாதுன்னு நினைச்சிருக்கலாம், இவ சிட்டிசன், இவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சான் அன்டோனியோல இருக்கறது ஒரு விதத்துல அதிர்ஷ்டம். அலமோ ப்ராமிஸ்னு ஒரு திட்டம், உங்க பெஹார் கவுன்ட்டில ஹைஸ்கூல் முடிக்கறவங்களுக்கு அலமோ காலேஜுகள்ல (உள்ளூர் ரெண்டு வருஷ காலேஜுகள்) மத்த உதவியெல்லாம் போக மிச்ச படிப்புக் கட்டணத்தைக் கட்டிடுவாங்க, மார்க்கும் பாக்கறதில்ல வருமானமும் பாக்கறதில்ல, ஆனா கடைசி வருஷமே பேர் குடுத்துடணும். நேரா நாலு வருஷ டிகிரின்னா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சாஸ் சிஸ்டம் காலேஜுகள்ல (சான் அன்டோனியோலயும் ஒண்ணு இருக்கு) குடும்ப வருமானம் 1 லட்சம் டாலர் வரைக்கும் இருந்தா, முழுநேரம் படிக்கற டெக்சாஸ் பசங்க படிப்புக் கட்டணம் கட்ட வேண்டாம், 2025லேர்ந்து இப்படி. ரெண்டுமே வீட்டுலேர்ந்து போய்ட்டு வரலாம், பொண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கற அம்மாகிட்ட இதைத்தான் முதல்ல சொல்லுவேன். ரெண்டுக்கும் அந்த நிதியுதவி ஃபாரம் வேணும், அதனாலதான் வக்கீலை முதல்ல வச்சேன்.

ஹிஸ்பானிக் ஸ்காலர்ஷிப் ஃபண்ட் 1975லேர்ந்து இருக்கு, அதுக்கும் போடட்டும், ஆனா அது கூடுதலா வர்ற பணம்தான்.

நீங்க செய்யக்கூடியது, ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட அந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, ஸ்பானிஷ் பேசற ஆள் வேணும்னு முன்னாடியே கேளுங்க. தன் காலேஜ் விஷயத்தை அந்தப் பொண்ணே மொழிபெயர்த்தா, வீட்டுக்குப் பாரம்னு அவளே பாதியை முழுங்கிடுவா. ஃபாரம் நிரப்பித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா எழுந்து வந்துடுங்க, அது இலவசம்.