அம்மா ஏன் நிற்கிறார்?

கேள்வி: எனக்கு 44 வயது, அம்மாவுக்கு 70. அப்பா தவறிய பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களோடுதான் இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாகப் பெயர்கள் மறந்துபோகின்றன. மூளைக்கு வேலை கொடுக்கலாம் என்று டேப்லெட்டில் புதிர் விளையாட்டு போட்டுக் கொடுத்தேன், தினமும் அரை மணி நேரம் ஆடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில்வர் பீச்சுக்கு வாக்கிங் கூட்டிப்போகிறேன். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்று நின்று பதில் சொல்கிறார், நேரமாகிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் இயர்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்துவிடுவேன். இந்த நடையும் புதிரும் போதுமா? இதைவிட நல்ல ஆப் இருக்கிறதா?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாரும் ஆப் பெயரைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "நின்று நின்று பதில் சொல்கிறார்" என்ற வரியில்தான் விஷயமே இருக்கிறது. அதை நேரமாகும் தொந்தரவு என்று நினைத்துவிட்டீர்கள். அது அம்மாவின் உடம்பு உங்களுக்குச் சொன்ன தகவல்.

சின்ன வயதில் நடை தன்பாட்டுக்கு நடக்கும். வயதாகி, சர்க்கரையில் பாதம் மரத்து, பார்வையும் மங்கும்போது ஒவ்வொரு அடியையும் மூளை பார்த்துப் பார்த்து எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பேசுவதற்கும் அதே கவனம்தான் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது கால் நின்றுவிடுகிறது. 1997-இல் ஸ்வீடனில் ஒரு முதியோர் குடியிருப்பில் 58 பேரை இப்படி நடக்கவைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசுவதற்காக நின்றவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். அவர்கள் உங்கள் அம்மாவைவிடத் தளர்ந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் இது கண்டும் காணாமல் விடுகிற அறிகுறி இல்லை.

நீங்களோ காதை அடைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டீர்கள். கால் தடுமாறினால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் மகனோடு நடக்கிற நேரத்திலும் அவர் தனியாகத்தான் நடக்கிறார். பெற்றவளோடு நடப்பது என்றால் அவர் வேகத்துக்கு நடப்பதுதான். கீழே சொல்லப்போகிற பயிற்சியை மருமகள் தலையில் கட்டிவிடவும் கூடாது, இது உங்கள் வேலை.

முதலில் காதைச் சோதியுங்கள். காது மந்தமானால் வாயசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரியும், அதற்காகவும் நின்று திரும்புவார்கள். பின்னால் இரண்டடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் ஏதாவது கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் காது டாக்டரிடம் போய்விட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கலாம். கேட்கும் திறன் குறைவது மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்று, அதைச் சரிசெய்யவும் முடியும்.

அடுத்தது கால். கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அம்மா எழுந்து, கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. சற்று ஓய்வு கொடுத்து, 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே இன்னொரு முறை நடக்கச் சொல்லுங்கள். இரண்டு நேரத்தையும் காலண்டரில் குறித்து வைத்து, மாதம் ஒரு முறை இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைகிறதா என்பதுதான் கணக்கு.

இனி பயிற்சி. மணலில் வேண்டாம், கால் புதையும். மஞ்சக்குப்பம் மைதானம் மாதிரி சமதரையில், பின்பட்டை உள்ள செருப்போடு நடக்கட்டும். அவருடைய பக்கத்தில், அரையடி பின்னால் நீங்கள் வாருங்கள். முதல் 5 நிமிடம் வெறும் நடை. அப்புறம் ஒரு நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் மௌனம், இப்படிப் பத்து நிமிடம். முதல் வாரம் சுலபமான பேச்சாக இருக்கட்டும்: சித்திமார் பிள்ளைகளின் பெயர், நேற்றைய குழம்புக்கு என்ன என்ன போட்டார். இரண்டாவது வாரம் வரிசை. கடலூர் துறைமுகத்திலிருந்து ரயில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று சொல்லட்டும். அது பழகியதும் சிதம்பரத்திலிருந்து தலைகீழாக. கடைக் கணக்கு அதற்கும் பிறகு: கிலோ 40 ரூபாய்க்கு முக்கால் கிலோ கத்தரிக்காய் வாங்கி நூறு ரூபாய் நீட்டினால் மீதி எவ்வளவு?

பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். சரியான விடைக்கு ஆசைப்பட்டுத் துரத்துவார்கள், அம்மாவும் விடையைப் பிடிக்கப் போய்க் காலை விட்டுவிடுவார். "கால்தான் முதல், விடை தப்பானாலும் பரவாயில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் நின்றால் கேள்வி கனமாகிவிட்டது என்று அர்த்தம், கேள்வியைக் குறையுங்கள். வேகம், கேள்வி இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். தெருவைக் கடக்கும்போதும் படியேறும்போதும் பேச்சே கூடாது.

வீட்டில் வாரம் மூன்று நாள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து 30 வரை எண்ணட்டும். 3, 6, 9 என்று மூன்றின் மடங்கு வரும்போது எண்ணைச் சொல்லாமல் மேடையில் தட்ட வேண்டும். கைதட்டிச் செய்கிற இந்த முறையை உருவாக்கியது ஜப்பானில் ஓபு நகரத்திலுள்ள தேசிய முதியோர் மருத்துவ மையம். பிடி இல்லாமல் செய்யும் தைரியம் வந்தபின், சுவர் மூலையில் முதுகைக் கொடுத்து, முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைதட்டலாம்.

இன்னொன்றும் ஜப்பானில் பழக்கத்தில் இருக்கிறது. 25 சென்டிமீட்டர் கட்டங்கள், அகலத்தில் 4, நீளத்தில் 10, வரைந்து, சொல்லிக்காட்டிய ஒழுங்கில் கட்டம் மாறி மாறிக் காலை வைத்து நடப்பது. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரமில்லாத மொட்டை மாடியில் நீங்கள் கட்டம் போடுங்கள், காலடி வரிசையை அம்மா அமைத்துச் சொல்லட்டும், நீங்கள் முதலில் நடந்து காட்டுங்கள். நீங்கள் தப்பு செய்யும்போது அவர் திருத்துவார் பாருங்கள், அதுவும் பயிற்சிதான். முதல் இரண்டு வாரம் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

தொடங்குவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, பி12, தைராய்டு அளவு என்ன என்று கேளுங்கள். தூக்க மாத்திரை போட்டால் அதையும் சொல்லுங்கள். பாதம் தரையை விட்டு எழாமல் தேய்ந்து நடப்பதும், சிறுநீர் அடக்க முடியாமல் போவதும், மறதியும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். தலைக்குள் நீர் கோத்தும் அப்படி வரும், அதற்கு வைத்தியம் உண்டு. ஒரு பக்கம் திடீரென்று தளர்ந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

ஆப் பற்றி: புதிர் ஆட ஆட அந்தப் புதிரில் கை தேறும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அம்மாவுக்குப் பிடித்திருந்தால் ஆடட்டும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இயர்போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரயில் வரிசையில் பரங்கிப்பேட்டைக்கு அடுத்து வாய்க்கு வராமல் தவித்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பத்தடி நடக்க விடுங்கள், கிள்ளை வந்துவிடும்.