சிமுலேட்டர் சலித்துவிட்டதா? முதலில் காற்றை வையுங்கள்

கேள்வி: பேரனுக்கென்று எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரேடியோ (மாடல் விமானத்தை ஓட்டும் கைக்கருவி) ஒன்று வாங்கினேன். லேப்டாப்பில் பிகாசிம் என்ற சிமுலேட்டரைப் போட்டு இரண்டு பேரும் மாடல் விமானம் ஓட்டப் பழகினோம். முதல் வாரம் ரேடியோவைக் கீழே வைக்க மனமில்லை. இப்போது பத்து நிமிடத்தில் கொட்டாவி வருகிறது. “ஐயா, இது சும்மா கேம்தான்” என்கிறான். காசு கொடுத்து ரியல்ஃப்ளைட் என்ற வேறு சிமுலேட்டர் வாங்கினால் சரியாகுமா? – தேவகோட்டை வாசகர்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். ரியல்ஃப்ளைட் நல்ல மென்பொருள்தான். ஆனால் இப்போது ஓட்டுகிற மாதிரியே அதையும் ஓட்டினால், அதிலும் இதே கொட்டாவிதான் வரும். சலிப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. வானத்தில் காற்றே இல்லை. விழுந்தால் நஷ்டமும் இல்லை. இரண்டையும் இருக்கிற மென்பொருளிலேயே சரிசெய்யலாம்.

அதற்கு முன் ரேடியோவைப் பார்த்துவிடுங்கள். சிமுலேட்டருக்கென்று ரேடியோவில் தனியாக ஒரு மாடல் உருவாக்கி, அதில் எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்குவது), மிக்ஸ் (ஒரு குச்சியின் அசைவை இன்னொன்றோடு சேர்ப்பது) எதுவும் இல்லாமல் வையுங்கள். அந்த மாடலில் உள் ஆர்எஃப்பையும் (விமானத்துக்கு அலை அனுப்பும் பகுதி) அணைத்துவிட்டால் பேட்டரி மிச்சம். யுஎஸ்பி செருகியதும் வரும் பட்டியலில் ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்ந்தெடுத்து, குச்சிகளை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் சிமுலேட்டரில் காலிபரேட் செய்யுங்கள், அதாவது குச்சிகளின் எல்லையைப் பதிய வையுங்கள். எக்ஸ்போவை சிமுலேட்டருக்குள் மட்டும் 25 முதல் 30 சதவீதம் போடுங்கள். ரேடியோவிலும் போட்டு இங்கேயும் போட்டால் குச்சியின் நடுப்பகுதி செத்துப்போகும். கொஞ்சம் அசைத்தால் விமானம் கேட்காது, இன்னும் கொஞ்சம் அசைத்தால் புரட்டிவிடும்.

அடுத்தது திரை. டிவியில் இணைத்து ஓட்டுவதாக இருந்தால் டிவியின் கேம் மோடை இயக்குங்கள். இல்லாவிட்டால் கை அசைவுக்கும் படத்துக்கும் நடுவே தாமதம் விழும். இறங்கும்போது விமானம் மேலும் கீழும் ஊஞ்சலாடினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள், பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வளவில் (வீட்டின் திறந்த முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் நேராகத் திரையில் அடித்து, விமானத்தின் நிழலுருவையே விழுங்கிவிடும்.

15.6 அங்குலத் திரையை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அது கண்ணுக்குக் காட்டுவது சுமார் 38 டிகிரி அகலம். சிமுலேட்டரின் பார்வைக் கோணம் அதைவிட அகலமாக இருந்தால் விமானம் நிஜத்தைவிடச் சிறிதாகத் தெரியும். திடலில் அடையாளம் தெரிகிற தூரத்தில், இங்கே அது கரும்புள்ளி. தூரத்தில் வட்டமடித்துக்கொண்டிருப்பது சலிப்பூட்ட இதுவும் ஒரு காரணம். கோணத்தைக் குறையுங்கள், விமானத்தைக் கிட்டவே வைத்து ஓட்டுங்கள்.

இனி காற்று. நொடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 15 கி.மீ. வையுங்கள், டர்புலன்ஸும் (காற்றின் குலுக்கல்) கொஞ்சம் சேருங்கள். ஆடி மாதத்தில் நம் பக்கம் அடிக்கிற காற்றோடு பார்த்தால் இது தென்றல். ஒரு மீட்டர் இறக்கையுள்ள ஃபோம் டிரெய்னர் (பழகுவதற்கான ஃபோம் விமானம்) மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போகும்போது தரையிலிருந்து பார்க்கிறவருக்கு அதன் வேகம் 50, எதிர்க்காற்றில் 20. காற்றோடு போகும்போது கண்ணுக்கு அது பறந்தடித்துக்கொண்டு போவதாகத் தெரியும். கை தானாக த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) குறைக்கும். பிறகு இறங்குவதற்கான திருப்பத்தில், மூக்கைத் தூக்கித் தாழ்த்தும் எலிவேட்டரை இழுப்பீர்கள். இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் ஏற்கெனவே குறைந்துவிட்டதால் ஒரு பக்க இறக்கை ஸ்டாலாகி, அதாவது தூக்கும் சக்தியை இழந்து, விமானம் அந்தப் பக்கமே புரண்டு விழும். டர்புலன்ஸ் தள்ளிவிட்டது என்று தோன்றும். இல்லை, கண் ஏமாற்றியது. இதைச் சரிசெய்ய ஒரே வழி, காற்றோடு போகிற பக்கத்தில் த்ராட்டிலைத் தொடாமல் இருப்பது. திரும்பி எதிர்க்காற்றுக்கு வந்த பிறகு குறையுங்கள். இறங்கும் பாதையில் உயரத்தை த்ராட்டிலும் வேகத்தை எலிவேட்டரும் பார்த்துக்கொள்ளும்.

முதலில் காற்றை ஓடுதளத்துக்கு நேராக வையுங்கள். பத்துக்கு ஏழு முறை ஒழுங்காக இறங்கியபின் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அன்றைக்கு அந்த “சும்மா கேம்” பேச்சு நின்றுவிடும்.

நஷ்டத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ரேடியோவின் டைமரில் 6 நிமிடம் வையுங்கள். அதுதான் ஒரு பேட்டரி. டைமர் முடிவதற்குள் இறங்கியாக வேண்டும். விழுந்தால் ரேடியோ அடுத்தவர் கைக்கு. ரீசெட் பட்டன் எதிராளி வசம். மதிப்பெண்ணும் போடலாம்: ஓடுதளத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் சக்கரம் தொட்டால் 5, துள்ளினால் 2 குறையும், மூக்குக் குத்தினால் பூஜ்யம். எப்போது வேண்டுமானாலும் எதிராளி “கட்” என்று சொல்லலாம்; சொன்ன நொடியில் த்ராட்டிலை முழுக்க இறக்கிவிட்டு, எஞ்சின் இல்லாமல் இறக்க வேண்டும். நிஜத்தில் பேட்டரி கைவிட்டால் இதுதான் நடக்கும். தோற்றவர் காப்பி போடட்டும்.

எட்டு வடிவம் போடச் சொன்னால் எல்லோரும் இரண்டு பக்கமும் வெளிப்பக்கமாகவே திரும்புவார்கள். அது சுலபம். உங்களை நோக்கித் திரும்பி ஓட்டுங்கள். விமானம் நேராக உங்களைப் பார்த்து வரும்போது ஏலரான் (விமானத்தை இடம் வலமாகச் சாய்ப்பது) தலைகீழாகத் தெரியும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். ஆரம்பத்தில் இதை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம். நாள்படக் கை தானே கண்டுகொள்ளும்.

பிகாசிமில் பலர் தொடாமல் விடுவது எஞ்சின் இல்லாத கிளைடர். எங்கள் பார்வையில் அந்த மென்பொருளின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நம் சமவெளியில் சரிவுப் பறத்தலுக்கு, அதாவது மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில் பறப்பதற்கு, இடமில்லை, பிரான்மலைப் பக்கம் போனால்தான் மலை என்று ஒன்று கண்ணில் படும். மலைச்சரிவுத் திடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 8 மீட்டர் காற்றை நேராகச் சரிவின் மேல் மோத விடுங்கள். மேலெழும் காற்று சரிவின் முன்புறம் ஒரு பட்டையாக இருக்கும். அதிலேயே இடமும் வலமுமாகப் போய்வர வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் மலைக்கு வெளியே, காற்றை நோக்கி. மலைப்பக்கம் திரும்பினால் காற்று உச்சிக்குப் பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே காற்று கீழ்நோக்கிச் சுழல்வதால் மீட்பது கஷ்டம். எஞ்சின் சத்தமில்லாமல் அரைமணி நேரம் மேலேயே நிறுத்துவது, லூப் அடிப்பதைவிட நெஞ்சு படபடக்கிற வேலை.

இவ்வளவும் பழகிய பிறகு ரியல்ஃப்ளைட் வேண்டுமென்று தோன்றினால், அதிலுள்ள திடல் எடிட்டருக்காக வாங்குங்கள். விண்டோஸ் கணினி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் மாதிரி அகலமான தரை நம் மாடல்களுக்குக் கிடைக்காது. கிடைப்பது வறண்ட கண்மாய்தான். அதனால் எடிட்டரில் குறுகலான மண்பாதை ஒன்றை வைத்து, ஒரு பக்கம் கரையும் மறுபக்கம் கருவேல மரங்களுமாக நட்டு, காற்றை மேற்கிலிருந்து விடுங்கள். மரங்களைப் பாதைக்கு 20 மீட்டருக்குள் கொண்டுவராதீர்கள். முதல் நாளே பேரன் பத்து விமானத்தையும் கிளையில் தொங்கவிட்டுவிடுவான்.